எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு இலங்கையின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வளவுக்கு வந்து நின்று, ஐந்தே நிமிடம், கண்ணில் படும் நான்கு உயிரினங்களை எண்ணி எழுத வேண்டும் என்று விவசாய அமைச்சு கேட்டிருந்தது. செங்குரங்கு, மந்தி, மலை அணில், மயில். ஊர் மட்டத்து உத்தியோகத்தர்கள் வழியாகப் படிவங்கள் வந்தன. வீட்டு வளவோடு வயல், தோட்டம், வழிபாட்டிடம், பொது இடம் என்று எங்கும் அதே ஐந்து நிமிடம்தான். எட்டு ஐந்துக்குப் பேனையை மூடிவிட வேண்டும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என்று அரசாங்கம் சொன்னது. தேங்காய் விலை ஏறிக்கிடந்த காலமும் அது. குரும்பை பருவத்திலேயே தென்னையை மொட்டையடிக்கும் குரங்குகளைப் பற்றி ஊர் ஊராகப் புலம்பல் கேட்டது. இந்தப் பின்னணியில் வந்த கணக்கெடுப்பைப் பலர் கேலி செய்தார்கள். குரங்கு என்ன, எண்ணும் வரை மரத்தில் உட்கார்ந்திருக்குமா என்று கேட்டார்கள்.

அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. பட்டம் பெற்றவர், ஆய்வுகூடத்தில் இருப்பவர் என்ற எல்லையைத் தாண்டி, விவசாயியும் இல்லத்தரசியும் பாடசாலைப் பிள்ளையும் ஓர் அறிவியல் கேள்விக்குத் தரவு தருவதைத்தான் குடிமக்கள் அறிவியல் என்கிறோம். நாட்டின் எல்லாக் குடும்பங்களையும் ஒரே நேரத்தில் அந்த வேலைக்கு அழைப்பது எந்த நாட்டிலும் எளிதாக நடப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நாம் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எது சரியாக இருந்தது, எது தவறியது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் ஊர் நாவுல.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளையைத் தாண்டித் தம்புள்ளைக்கு முன்னால் வரும் சிறு நகரம் நாவுல. பஸ்ஸில் போகும் பெரும்பாலான தமிழர்களுக்கு அது யன்னலுக்கு வெளியே கடந்துபோகும் ஒரு கடைத்தெரு. சற்றுத் தெற்கே, பல்லவர் பாணியில் கருங்கல்லால் எழுந்த நாலந்தா கெடிகே இருக்கிறது. போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காக அதை ஒவ்வொரு கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மீண்டும் கட்டினார்கள். கிழக்கே திரும்பினால் எலஹெர வீதி. அந்தப் பக்கம் அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த அணை. அதற்கும் அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். மலைநாட்டின் ஈரம் குறைந்து உலர் வலயம் தொடங்கும் இடை நிலம் இது. தென்னை, பலா, மா, வாழை என்று வளவு. வளவு முடிந்ததும் பற்றைக்காடு. பற்றைக்காடு முடிந்ததும் பெருங்காடு. படிவத்தில் இருந்த நான்கு உயிரினங்களும் நடமாடும் பகுதி இது. ஆகவே எண்ணும் பிரச்சினைகள் எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த ஐந்து நிமிடம். அதில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. குரங்குக் கூட்டம் ஓரிடத்தில் நிற்காது. காலையில் உறங்கும் மரத்தை விட்டு இறங்கினால் மாலைக்குள் பல வளவுகளைக் கடந்துவிடும். நாள் முழுவதும் எண்ணச் சொன்னால் ஒரே கூட்டம் பத்து வீட்டுக் கணக்கில் ஏறும். நாடு முழுவதும் ஒரே நேரம், மிகக் குறுகிய நேரம் என்று வைத்தால் இந்த இரட்டை எண்ணல் பெரிதும் குறையும். 2011 ஆகஸ்டில் வனஜீவராசிகள் திணைக்களம் யானைகளை எண்ணியபோதும் விலங்கின் பழக்கத்தை வைத்தே முறையை அமைத்தது. கோடையில் யானை தண்ணீருக்கு வந்தே ஆகும். ஆகவே குளங்களிலும் நீர்நிலைகளிலும் ஒரே சமயத்தில் காத்திருந்து எண்ணினார்கள். 5,879 யானைகள் என்ற எண் அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் குறைகிறது என்பது வேறு, இல்லாமல் போகிறது என்பது வேறு. நாவுலப் பக்கத்து ஒழுங்கை ஒன்றை மனதில் வையுங்கள். நான்கு வளவுகள் சந்திக்கும் மூலையில் வேலியோரமாக ஒரு பெரிய பலாமரம். எட்டு மணிக்கு அதில் இருபது செங்குரங்குகள். மரம் முதல் வீட்டுக்காரருடையது. அவர் இருபது என்று எழுதுகிறார். இரண்டாம் வீட்டுக்காரரின் கிணற்றடியில் நின்றால் மரத்தின் பாதி தெரியும்; அவர் பதினொன்று எழுதுகிறார். எட்டு இரண்டுக்குக் கூட்டம் மூன்றாம் வளவின் கூரைமேல் பாய்கிறது. தகரம் அதிர்கிற சத்தத்தில் வெளியே வந்த அம்மா, தாய்க்குரங்கின் வயிற்றில் தொங்கும் குட்டிகளை விட்டுவிட்டு, பதினாறு என்கிறார். நான்காம் வீட்டில், குரங்குத் தொல்லையால் நொந்துபோன ஐயா, நேற்று மாலை வந்ததையும் சேர்த்து முப்பது என்று எழுதுகிறார். யாரும் பொய் சொல்லும் நோக்கத்தில் எழுதவில்லை. ஆனாலும் இருபது குரங்குகள் படிவத்தில் எழுபத்தேழாகிவிட்டன.

பின்னர் வெளிவந்த தேசிய முடிவில் செங்குரங்குகள் 50 இலட்சத்தைத் தாண்டின. மயில்கள் 40 இலட்சத்தைத் தாண்டின. 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பேசப்பட்டபோது நாட்டில் 20 முதல் 30 இலட்சம் குரங்குகள் இருக்கலாம் என்றுதான் சொல்லப்பட்டது. இரண்டு வருடத்தில் குரங்குகள் இரட்டிப்பாகவில்லை. முந்தியது ஒரு மதிப்பீடு. பிந்தியது வேறொரு முறையில் கிடைத்த எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூடிவிட்டது என்று சொல்வது தவறு.

இந்த எண்ணை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். நாட்டில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாக் குடும்பமும் எண்ணியதாக வைத்துக்கொண்டால், சராசரியாக வீட்டுக்கு ஒரு குரங்குதான் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் பூச்சியம், சில வீடுகளில் இருபது, முப்பது. இப்படிப்பட்ட கணக்கில் சிறு தவறு பெரிதாகிவிடும். பத்து வீட்டில் ஒரு வீடு இரண்டு குரங்கைக் கூடுதலாக எழுதினால் போதும், தேசியக் கணக்கில் 10 இலட்சம் குரங்குகள் கூடிவிடும்.

அதிகம் பேர் எண்ணினால் தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் சந்தையில், ஓர் எருதை அறுத்து எடுத்தால் எவ்வளவு நிறை தேறும் என்று மக்கள் ஊகித்து எழுதிய 787 சீட்டுகளை பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்தார். ஊகங்களை வரிசைப்படுத்தியபோது நடுவில் வந்த எண் 1,207 இறாத்தல். உண்மை நிறை 1,198. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். கூட்டத்தின் கண் வியக்கத்தக்கது என்பதற்கு இன்றுவரை சொல்லப்படும் உதாரணம் இது. ஆனால் அங்கே சிலர் கூட்டி ஊகித்தார்கள், சிலர் குறைத்து ஊகித்தார்கள். அதனால்தான் தவறுகள் ஈடாயின. பலாமரத்துக் குரங்கில் அப்படி இல்லை. இரட்டை எண்ணல் எப்போதும் எண்ணைக் கூட்டவே செய்யும். தொல்லையின் கோபமும் கூட்டவே செய்யும். மறுபுறம், காட்டுக்குள் ஆளில்லாத இடத்தில் இருக்கும் கூட்டம் எப்போதும் விடுபடவே செய்யும். ஒரே பக்கம் சாய்ந்த தவறு, எத்தனை இலட்சம் படிவம் சேர்ந்தாலும் சாய்ந்தபடியேதான் இருக்கும்.

இந்த இடத்தில் நாவுலவிலிருந்து எலஹெர வழியாகப் பொலன்னறுவைக்குப் போய்வர வேண்டும். அங்கே 1968 முதல் வுல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் செங்குரங்குகளைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். புராதன நகரத்து இடிபாடுகளுக்கிடையே வாழும் கூட்டங்களில் ஒவ்வொரு குரங்கையும் முகத்தைப் பார்த்தே அடையாளம் காணும் ஆய்வு அது. யார் தாய், யார் பிள்ளை, யார் எந்த வருடம் பிறந்தது, யார் கூட்டத்தை விட்டுப் போனது என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவு. 2015இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட குரங்குப் படம் அந்தக் கூட்டங்களிடையேதான் படமாக்கப்பட்டது. செங்குரங்கு உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்வது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆபத்துக்குள்ளான இனம். வளவில் பெருகிக் காணப்படும் ஒன்று எப்படி ஆபத்துக்குள்ளானது என்று கேட்பவர்களுக்கு, காடு குறையக் குறையக் கூட்டங்கள் வளவுகளை நோக்கி வந்து கண்ணில் அதிகம் படுகின்றன என்பது பதிலின் ஒரு பகுதி. கண்ணில் அதிகம் படுவது எண்ணிக்கை கூடியதால்தானா என்பதை எண்ணித்தான் அறிய வேண்டும்.

டிட்டஸைப் போல் ஒருவர் சில கூட்டங்களை ஆழமாக அறிய முடியும். நாவுலவிலும் ரத்தோட்டையிலும் லக்கலையிலும் ஒரே காலையில் நிற்க அவரால் முடியாது. அது ஊர்ச் சனத்தால்தான் முடியும். இந்த இரண்டு விதமான பார்வையும் ஒன்றுக்கொன்று வேண்டும்.

ஊர்ச் சனத்தின் கண்ணால் அறிவியல் வளர்ந்ததற்கு இலங்கையிலேயே பழைய சான்று உண்டு. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம், அன்று முதல் உறுப்பினர்கள் கண்டதையெல்லாம் மாதாந்தக் குறிப்புகளாகத் தொகுத்து வருகிறது. தோட்டத் துரைமார், உத்தியோகத்தர், வைத்தியர் என்று பலரும் எழுதிய குறிப்புகள் அவை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது; ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கும் குளங்களில் ஆர்வலர்கள் நின்று எண்ணுகிறார்கள். போவத்தென்னவும் மொரகஹகந்தவும் உள்ள நாவுலக்காரர்களுக்கு அதற்கு வெளியூர் போகவேண்டிய தேவை இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஓர் ஆந்தையின் கதை. 1995இல் கித்துல்கல காட்டில், பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் ஊறிய பறவை நோக்கர் தீபால் வறகாகொட, இரவில் தமக்குப் பழக்கமில்லாத ஒரு குரலைக் கேட்டார். தீவின் பறவைக் குரல்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் இது எதிலும் சேராது என்று தெரிந்தது. பார்க்க முடியவில்லை. குரலை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் பறவையைக் கண்டார்: செம்பழுப்பு நிறத்தில் ஒரு சிறிய ஆந்தை. 2004இல் ஆய்வாளர் பமீலா ராஸ்முசனோடு சேர்ந்து அதைப் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தார். சிங்கராஜவைக் காக்கப் போராடிய திலோ ஹொப்மனின் பெயரை அதற்கு இட்டார்கள். தெரிந்த குரல்களை ஒருவர் இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திராவிட்டால், தெரியாத குரல் அந்தக் காட்டில் யார் காதிலும் விழாமலே இருந்திருக்கும்.

இந்தியாவில் நடப்பது இன்னும் பெரிய அளவு. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வந்த அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் பதிந்த 3 கோடி தரவுகளின்மேல் எழுந்தது. 942 இனங்களை அது ஆராய்ந்தது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் ஊர்ப்பறவைகளை எண்ணும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. அந்தப் பட்டியல்களும், அறிக்கைக்குத் தரவு தந்த இ-பேர்ட் என்ற இணையத்தளத்தில்தான் சேர்கின்றன. பல இனங்கள் குறைந்து வருவதை அந்த அறிக்கை சொன்னது. ஆனால் வேகமாகப் பெருகும் பறவைகளில் முக்கியமானதாக அது காட்டியது மயிலை. முன்பு மயிலே இல்லாத கேரளத்தின் ஈரமான பகுதிகளிலும் இமயத்தின் உயரங்களிலும் அது பரவியிருக்கிறது. உலர் வலயப் பறவையான மயில் இலங்கையிலும் ஈர வலயத்தை நோக்கி நகர்கிறது என்று பலர் கவனித்திருக்கிறார்கள். உலர் வலயத்தின் வாசலில் இருக்கும் நாவுலவின் தரவுக்கு இந்தக் கேள்வியில் தனி மதிப்பு உண்டு.

அந்த இந்தியத் தரவும் குறையில்லாதது அல்ல. நகரத்தில் ஆட்கள் அதிகம், காட்டில் குறைவு. விடுமுறை நாளில் பதிவுகள் குவியும். இருந்தும் ஏன் நம்பலாம்? ஒரு பதிவில் பறவையின் பெயரோடு எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்பதும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினேன் என்று ஒருவர் சொன்ன பட்டியலில் மயில் இல்லாவிட்டால், அந்த இல்லாமையும் தரவாகிறது. முயற்சியின் அளவு தெரிந்தால் பட்டியல்களை ஒப்பிடலாம். அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் 27 பேருடன் தொடங்கிய பறவைக் கணக்கு இன்றும் ஆண்டு தவறாமல் நடக்கிறது. அதன் ஒரு வருடத்து எண்ணை யாரும் முழு உண்மை என்று கொள்வதில்லை. ஒரே முறையில் நூறு வருடத்துக்கும் மேல் எண்ணியதால், கூடுகிறதா குறைகிறதா என்பதை அது காட்டுகிறது. தராசு பத்துக் கிராம் கூட்டிக் காட்டினாலும், அதே தராசில் மாதாமாதம் நிறுத்தால் பிள்ளை வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

மார்ச் 15 கணக்கெடுப்பைப் பற்றி என் தீர்ப்பு இதிலிருந்துதான் வருகிறது. எத்தனை குரங்கு என்ற கேள்விக்கு அந்த ஐந்து நிமிடத்தால் நம்பத்தக்க பதில் தர முடியாது. கூடுகிறதா குறைகிறதா, எந்த ஊரில் அதிகம், வேலி போட்ட பின்பு, குப்பை மேட்டை மூடிய பின்பு, கருத்தடை செய்த பின்பு ஏதாவது மாறியதா என்ற கேள்விகளுக்கு, அதே கணக்கை வருடாவருடம் சீராகச் செய்தால், பதில் தர முடியும். அந்தக் கேள்விகள்தான் விவசாயிக்கும் தேவை. ஒரு முறையோடு விட்டால் அவ்வளவு பேருடைய உழைப்பும் செய்தித்தாளில் ஒரு நாள் தலைப்பாக முடிந்துவிடும்.

அடுத்த கணக்குக்கு அரசாங்கத்தின் சுற்றறிக்கை வரும்வரை நாவுல காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலை, ஒரு கமக்காரர் அமைப்பு, ஓர் ஒழுங்கையில் உள்ள பத்து வீடுகள் போதும். முதல் வேலை, யார் எங்கே நிற்பது என்று ஒரு தாளில் படம் கீறிக்கொள்வது. பலாமரம் எந்த வீட்டுக் கணக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் எழுபத்தேழு மீண்டும் இருபதை நெருங்கும். கூட்டத்தைக் கண்ட நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள், எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குப் போனது என்பதையும் எழுதுங்கள். எட்டு இரண்டுக்குக் கிழக்கே போன கூட்டமும் எட்டு மூன்றுக்கு மேற்கிலிருந்து வந்த கூட்டமும் ஒன்றே என்று பிறகு பொருத்திப் பார்க்க அதுதான் உதவும். முடிந்தால் ஒரே மரத்தை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண் எவ்வளவு தவறவிடுகிறது என்று சொல்லும். துறைசார் ஆய்வாளர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

ஒன்றும் வராத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்துக்குப் பொருள் இல்லை: குரங்கு வரவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பூச்சியத்துக்குப் பொருள் உண்டு. புதிதாக எண்ணத் தொடங்குபவர்கள் எல்லோரும் தயங்குவது இந்த இடத்தில்தான். ஒன்றும் காணாததை எழுதி என்ன பயன் என்று நினைப்பார்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

எது எந்த விலங்கு என்பதிலும் கவனம் வேண்டும். சிங்களத்தில் வந்துரா, நம் வாயில் மந்தி என்று ஒரே பெயரில் போகும் குரங்குகள் இரண்டு வேறு இனங்கள். தம்புள்ளை, சிகிரியாப் பக்கம் இரண்டையும் காணலாம். உடல் சாம்பல் நிறம், முகம் கறுப்பு, உச்சியில் மயிர் குவிந்து நிற்பது ஒன்று. உடல் கரும்பழுப்பு, கன்னத்தில் வெள்ளைத் தாடி இருப்பது மற்றது. அது இலங்கைக்கே உரியது. ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால், ஒன்று குறைந்துகொண்டே போவதை மற்றொன்று மறைத்துவிடும். சந்தேகம் இருந்தால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். 2008இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடம், நேரத்தோடு படத்தை ஏற்றினால், உலகின் எங்கோ உள்ள ஒருவர் பெயர் சொல்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுக்குத் தகுந்த பதிவாக ஏறும். ஒரு எச்சரிக்கை: தேவாங்கு, நட்சத்திர ஆமை, அரிய ஓர்க்கிட் போன்றவற்றைக் கண்டால் சரியான இடத்தை முகநூலில் போடாதீர்கள். திருடிப் பிடிப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். எந்த உயிரையும் பிடித்துப் படம் எடுக்கவும் வேண்டாம்; தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் அது குற்றமாகலாம்.

விலங்கில் ஆர்வமில்லாதவருக்கு மழை இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் மழை ஊருக்கு ஊர் மாறும். மலைச்சரிவில் கொட்டித் தீர்க்கும்போது தம்புள்ளையில் வெயில் அடிக்கும். நாவுலவின் முக்கிய மழை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு வருவது. பெரும்போகம் அதை நம்பித்தான். வளிமண்டலவியல் திணைக்களம் தன் சொந்த நிலையங்களோடு, தோட்டங்களிலும் பிற இடங்களிலும் தினமும் மழையை அளந்து அனுப்பும் தொண்டர் அளவையாளர்களையும் நம்பியே நாட்டின் மழைப்படத்தை வரைகிறது. மலையகத் தோட்ட அலுவலகங்களின் முற்றத்தில் நிற்கும் மழைமானியைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கணக்கோடு மழைக் கணக்கும் எழுதிவைத்த அந்தப் பேரேடுகள், நம் மக்கள் வாழ்ந்த இடங்களின் நீண்ட காலநிலைச் சான்றுகள்.

மழைமானி செய்யப் பெரிய செலவில்லை. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதே வாய்க்குள் புனலாகச் செருகுங்கள். அடி சமமாக இராது. சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் மட்டம்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். அதிலிருந்து மேலே ஓர் அடிமட்டத்தை ஒட்டினால் மில்லிமீற்றர் கிடைக்கும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். கூரைத் தாழ்வாரமும் மரக்கிளையும் மறைக்காத திறந்தவெளியில் வையுங்கள். பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் இருந்தால் நல்லது. தினமும் காலை எட்டரைக்குப் பாருங்கள்; திணைக்களமும் அந்த நேரத்தில்தான் நாள் மழையைக் கணக்கிடுகிறது. எழுதிய பின் பூச்சிய மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மழையில்லாத நாளிலும் எழுத வேண்டும், பூச்சியம் என்று.

சரிவில் வாழ்பவர்களுக்கு இது உயிர் காக்கும் வேலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு வகுத்த அளவுகள் எளிமையானவை: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ வெளியேற்றம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின்மீது கொட்டியபோது நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இறந்தார்கள். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் விழுந்த இரவில் கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கை ஊருக்குள் வந்து சேராது. வாசலில் நிற்கும் போத்தலில் 150க்கு மேல் தண்ணீர் நின்றால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. சரிவில் விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால், போத்தலில் அந்த அளவு ஏறும்வரைகூட நிற்கக்கூடாது.

இவ்வளவையும் மக்கள் செய்தால், மக்களுக்குத் திரும்ப என்ன வரும்? குடிமக்கள் அறிவியலில் அதிகம் பேசப்படாதது இதுதான். தரவைக் கொடுத்தவருக்கு முடிவைத் திருப்பிக் கொடுப்பது கடமை. மார்ச் 15இல் எண்ணியவருக்கு, தேசிய எண் பத்திரிகையில் கிடைத்தது. தன் கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை, பக்கத்துப் பிரிவில் எத்தனை, எத்தனை வீடு பதில் தந்தது, எத்தனை வீடு பூச்சியம் எழுதியது என்பது பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். தன் எண் அங்கே சேர்ந்திருப்பதைக் கண்டவர் அடுத்த வருடம் இன்னும் கவனமாக எண்ணுவார். பக்கத்து வீட்டு முப்பதைப் பார்த்து இது அதே கூட்டமல்லவா என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வி ஊருக்குள் எழும்போதுதான் கணக்குத் திருந்தும். அதிகாரிகள் இதைச் செய்யாவிட்டால் பாடசாலை செய்யட்டும். ஒரு விஞ்ஞான ஆசிரியரும் பத்துப் பிள்ளைகளும் ஒரு சுவரும் இருந்தால் போதும்.

மலையோரத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டின் விளிம்பில் விடியற்காலை தொடங்கி மாலைவரை நிற்பவர்கள் நீங்கள். எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த ஓடை எப்போது வற்றும், சிறுத்தையின் தடம் எந்த மலைப்பகுதியில் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. அது வாய்ப்பேச்சாகவே போய்விடுகிறது, எழுத்தில் ஏறுவதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, திகதி, நேரம், இடம், என்ன கண்டீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்ற ஐந்தையும் தமிழிலேயே எழுதத் தொடங்குங்கள். தளத்தில் ஏற்றுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நாவுல வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அரசாங்கம் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், வருகிற மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, 2025இல் நின்ற அதே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் எண்ணுங்கள். அதற்கு அடுத்த வருடமும் எண்ணுங்கள். எழுதிய தாளை எறிந்துவிடாதீர்கள்.